வெயிலைத் துடைக்கும் கார்

எங்கள் காருக்கு எல்லாம் தெரியும். நான்கு டயரிலும் காற்று எவ்வளவு, பரனூர் சுங்கச்சாவடியில் வரிசை எவ்வளவு நீளம், பின்சீட்டில் வைத்த அரிசி மூட்டை பெல்ட் போடவில்லை என்பது வரை தெரியும். மழை பெய்வது மட்டும் தெரியாது. தெரிந்தாலும் ஒப்புக்கொள்ளாது.

இதைச் சொல்ல எனக்கு வாய் இருக்கக் கூடாது. அந்த மின்சாரக் காரை வாங்க வைத்தவளே நான்தான். ஆறு மாதம் வீட்டில் வேறு பேச்சே பேசவிடவில்லை. சாப்பாட்டு மேசையில் பேட்டரி, குளியலறைக் கதவுக்கு வெளியே நின்று சார்ஜிங் நேரம், அப்பா செய்தி பார்க்கும்போது குறுக்கே புகுந்து மோட்டார் விசை. எல்லா வீடியோவும் பார்த்திருந்தேன். ஒரு வீடியோவில்கூட மழை பெய்யவில்லை என்பதை அப்போது நான் கவனிக்கவில்லை. எல்லாரும் எங்கோ மலைப்பாதையில் பளிச்சென்ற வெயிலில் ஓட்டிக்கொண்டு சிரித்தார்கள்.

நாங்கள் இருப்பது அணுபுரம் குடியிருப்பில். அப்பாவுக்கு அணுமின் நிலையத்தில் கட்டுப்பாட்டு அறை வேலை. அம்மா செய்யூரில் அரசு மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியை. நான் சிறுசேரியில் ஒரு மென்பொருள் நிறுவனத்தின் சம்பளக்காரி. பாதி நாள் வீட்டிலிருந்தே வேலை. மூவரில் காரை அதிகம் ஓட்டுவது அம்மாதான். அம்மா கார் ஓட்டக் கற்றுக்கொண்டது நாற்பத்தொன்பதாவது வயதில். அதற்கு முன்னால் செய்யூர் போக மூன்று பஸ் மாற வேண்டும். ஆறு மணிக்கே கிளம்பினால்தான் காலை வழிபாட்டுக்குப் போய் நிற்க முடியும். ஏழு வருஷம் முன்னால் ஒரு பெட்ரோல் கார் வந்த பிறகு முக்கால் மணி நேரம். அந்த முக்கால் மணி நேரத்தில் வீடும் இல்லை, பள்ளிக்கூடமும் இல்லை. கண்ணாடியை ஏற்றிவிட்டு, கிழக்குக் கடற்கரைச் சாலை முழுக்க அம்மா சத்தமாகப் பாடிக்கொண்டே போவாள். வீட்டில் முணுமுணுக்கக்கூட மாட்டாள்.

அந்தப் பழைய பெட்ரோல் காரில் ஸ்டியரிங் பக்கத்தில் ஒரு குச்சி இருந்தது. ஒரு தட்டு தட்டினால் வைப்பர் மெதுவாக ஓடும், இரண்டு தட்டினால் வேகமாக, மூன்று தட்டினால் பேய் பிடித்த மாதிரி. கண்ணை எடுக்கவே வேண்டாம், கை தானாகப் போகும். நூறு வருஷமாக மனிதகுலம் எந்தப் புகாரும் இல்லாமல் வைத்திருந்த குச்சி. புதுக் காரில் அதைப் பிடுங்கிவிட்டார்கள். கியர் மாற்றும் நெம்புகோலின் நுனியில் ஒரு குட்டிப் பொத்தான் இருக்கிறது. அமுக்கினால் ஒரே ஒரு தடவை துடைக்கும். வேகம் வேண்டுமென்றால் நடுவிலிருக்கும் தொடுதிரையில் கார் படத்தைத் தொட வேண்டும், அதில் ‘கட்டுப்பாடு’, அதில் ‘வைப்பர்’, பிறகு நான்கு சின்னப் படங்கள். கொட்டும் மழையில், எதிரே லாரி வரும்போது, படம் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒன்றாம் வகுப்புக் குழந்தைக்கு வைக்கும் பரீட்சை மாதிரி.

“நீங்க ஒண்ணுமே பண்ண வாணாம் சார்,” என்றார் செங்கல்பட்டு ஷோரூம் விற்பனைக்காரர். கேள்வி கேட்டது நான், பதில் அப்பாவுக்கு. “மழ வந்தா அதுவே போட்டுக்கும். நின்னா அதுவே நிறுத்திக்கும். நீங்க பாட்டுக்கு ஜாலியா குந்திகினு போலாம்.”

வண்டி எடுத்த அன்று ஷோரூம் வாசலிலேயே பூஜை. நான்கு டயருக்கும் எலுமிச்சை, முன்னால் தேங்காய், மாலை. அப்பா மோதிர விரலில் சந்தனத்தைக் குழைத்து எடுத்து முன்கண்ணாடியின் உச்சியில், நட்ட நடுவில், அகலமாக ஒரு பொட்டு வைத்தார். அதன்மேல் குங்குமம். கையை எடுக்கவில்லை, அதற்குள் வைப்பர் விழித்துக்கொண்டது. சரக் சரக்கென்று மூன்று தடவை. சந்தனத்தையும் குங்குமத்தையும் கண்ணாடி முழுக்க ஆரஞ்சு நிறத்தில் இழுவிவிட்டது.

விற்பனைக்காரர் கைதட்டினார். “பாத்தீங்களா சார்! சென்சாரு எவ்ளோ ஷார்ப்பு!”

நானும் கைதட்டினேன். அதுதான் இன்றைக்கும் என்னால் சகிக்க முடியாத விஷயம்.

அப்பா விடுகிற ஆள் இல்லை. வண்டியை அணைக்கச் சொல்லிவிட்டு மறுபடி வைத்தார். அன்றிலிருந்து ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் குளித்துவிட்டு வந்து, வண்டி அணைந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு, அதே இடத்தில் புதுப்பொட்டு. பழைய பொட்டு காய்ந்து செதிலாக நிற்கும், அதன்மேலேயே அடுத்தது.

முதல் மாதத்திலேயே அந்த ஷார்ப்பான சென்சாரின் லட்சணம் தெரிய ஆரம்பித்தது. சித்திரை வெயில் மண்டையைப் பிளக்கும்போது திருக்கழுக்குன்றம் சாலையில் புளியமர நிழலுக்குள் நுழைந்தால் வைப்பர் ஓடும். வெளியே வந்தால் நிற்கும். மரத்துக்கு மரம் துடைத்துக்கொண்டு போனோம். செய்யூர்ப் பக்கம் சவுக்கு ஏற்றிய டிராக்டர் பின்னால் போனால், அந்தப் புழுதியை மழை என்று நினைத்து, உலர்ந்த கண்ணாடியில் மண்ணைப் போட்டுத் தேய்க்கும். மாமல்லபுரம் தாண்டி உண்மையான தூறல் விழுந்த ஒரு நாள் மட்டும் கம்மென்று படுத்துக் கிடந்தது, ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தில் வேலைக்குக் கூப்பிட்ட மாதிரி. ஒவ்வொரு முறை துடைக்கும்போதும் உச்சியில் காய்ந்த பொட்டின்மேல் ஏறி ‘டக்’கென்று ஒரு குதி வேறு.

“இதைக் கையால போட்டுக்கலாமா?” என்று அம்மா கேட்டாள்.

“கொஞ்ச நாள் விடும்மா. அது கத்துக்கும்.”

இணையத்தில் யாரோ எழுதியிருந்தார்கள்: நாம் பொத்தானைத் தொடாமல் விட்டால்தான் அது கற்றுக்கொள்ளுமாம். அதை நம்பினேன். படித்தவள், மென்பொருள் எழுதிச் சம்பளம் வாங்குகிறவள், நம்பினேன்.

ஐப்பசியில் ஒரு காலை. கூவத்தூரில் ஒரு தோழி வீட்டுக்குப் போக வேண்டியிருந்ததால் நானும் அம்மாவோடு ஏறிக்கொண்டேன். புதுப்பட்டினம் தாண்டியதும் கடல் பக்கமிருந்து மழை வந்தது. வந்தது என்றுகூடச் சொல்ல முடியாது. இந்தக் கரையில் அப்படி ஒரு மழை உண்டு. விழாது, காற்றில் தொங்கிக்கொண்டு நிற்கும். கண்ணாடி எண்ணெய்க் காகிதம் மாதிரி ஆனது. அம்மாவின் கை பொத்தானுக்குப் போனது.

“கை வைக்காதம்மா. அதுவே போடும் பாரேன்.”

“ஒண்ணும் தெரியலடி.”

“இரும்மா. நீ தொட்டா அது கத்துக்காது.”

அம்மா கையை எடுத்துக்கொண்டாள். நான் சொன்னேன் என்பதற்காக எடுத்துக்கொண்டாள். வாயலூரில் பாலாற்றுப் பாலத்தில் ஏறினோம். எதிரே வந்த பஸ் ஒன்று பள்ளத்தில் தேங்கிய செம்மண் தண்ணீரை மொத்தமாக எங்கள்மேல் வாரி இறைத்துவிட்டுப் போனது. முன்னால் சாலை இல்லை, பாலம் இல்லை, ஒன்றுமே இல்லை. வைப்பர் அசையவில்லை. அம்மா பொத்தானை அமுக்கினாள்; ஒரே ஒரு தடவை வந்து சேற்றை நன்றாகப் பூசிவிட்டுப் போனது. நான் திரைமேல் பாய்ந்தேன். அதில் வரைபடம் திறந்திருந்தது. என் விரல் எங்கோ பட்டு ஏசி ஜில்லென்று அடித்தது. அம்மாவும் ஒரு நொடி திரையைப் பார்த்தாள். அந்த ஒரு நொடியில் கார் இடது பக்கம் விலகியது. ஒரு கத்தல். அம்மா பிரேக்கை மிதித்தாள்.

இறங்கி ஓடினோம். பாலத்தின் கைப்பிடிச் சுவர் ஓரமாக ஒரு மொபெட் சாய்ந்து கிடந்தது. ஐஸ் பெட்டி திறந்து, சங்கராவும் கானாங்கத்தையும் ஈரச் சாலையில் சிதறிக் கிடந்தன. மீன்காரர் எழுந்து நின்றுவிட்டார். முழங்கையில் சிராய்ப்பு, வேறொன்றும் இல்லை. கார் அவரைத் தொடவே இல்லை. எங்களுக்கு ஒதுங்கப் போய் விழுந்திருக்கிறார்.

“யக்கா, கண்ணு இன்னா பொடனியிலயா கீது? மழையில வைப்பரு போடாம எவனாவது வருவானா?”

அம்மா காரைக் காட்டினாள். “அது... தானா போட்டுக்கும்பா.”

“தானா போட்டுக்குமா? அப்ப நீ இன்னாத்துக்கு உள்ள குந்திகினு கீற?”

மூன்று பேரும் குனிந்து மீன் பொறுக்கினோம். அம்மாவின் கையிலிருந்து கானாங்கத்தை இரண்டு முறை நழுவியது. எங்களுக்குப் பின்னால், ஆளில்லாத காரில், மழை நின்று வெளிச்சம் வந்த பிறகு, வைப்பர் வெறி பிடித்த மாதிரி ஓட ஆரம்பித்தது. மீன்காரர் நிமிர்ந்து பார்த்தார். “த பார்றா,” என்றார். அவ்வளவுதான் சொன்னார். வைதிருந்தால் பரவாயில்லை.

மீதி தூரம் நான் ஓட்டினேன், திரும்பி வரும்போதும் நான்தான். மாலை வீட்டுக்கு வந்ததும் அம்மா சாவியைக் குளிர்சாதனப் பெட்டிக்குப் பக்கத்து ஆணியில் மாட்டினாள். மறுநாள் ஐந்தரைக்குச் சமையலறை விளக்கு எரிந்தது. ஆறு மணிக்கு, பழைய பஸ் பையோடு, குடையோடு, அம்மா இறங்கிப் போனாள்.

“கத்துக்கிட்டதே லேட்டு,” என்று முந்தின இரவு அப்பாவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். “இனிமே போதும். அந்த ஆள் எழுந்திருக்கலன்னா?”

ஒரு வாரம் அப்படியே ஓடியது. நான் கொண்டுபோய் விடுகிறேன் என்றேன், வேண்டாம் என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் சமாளித்திருப்பேன். சாதாரணமாகச் சொன்னாள். ஏழு வருஷம் தன் கையில் வைத்திருந்த ஒன்றை ஆணியில் மாட்டிவிட்டு சாதாரணமாக இருந்தாள். என் தலைக்குள் ஒரே ஒரு வாக்கியம் சுற்றிக்கொண்டிருந்தது: நீ தொட்டா அது கத்துக்காது.

அந்தக் காரை இழுத்துக்கொண்டு செங்கல்பட்டு சர்வீஸ் சென்டருக்குப் போனேன். அப்பாவும் வந்தார். ஆலோசகர் என்று ஒருவர் கையில் டேப்லெட்டோடு வந்தார்.

“மேடம், இது ஏஐ. உங்க டிரைவிங் ஸ்டைலப் புரிஞ்சிக்க கொஞ்சம் டைம் எடுக்கும்.”

“மழை பெய்யுதா இல்லையான்னு பாக்க என் டிரைவிங் ஸ்டைல் எதுக்குங்க?”

“அடுத்த அப்டேட்ல சரியாய்டும் மேடம்.”

“மழைக்காலம் முடிஞ்சிடும்.”

“அதுக்குள்ள வந்துரும் மேடம்.” அவர் மழைக்காலத்தைச் சொன்னாரா அப்டேட்டைச் சொன்னாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அப்பா மெதுவாகக் கேட்டார்: “இதுல எத்தனை சென்சார் இருக்கு?”

“ஒண்ணு சார்.”

“எங்க வேலையில ஒண்ணு சொன்னா நம்ப மாட்டோம். மூணு வைப்போம். மூணுல ரெண்டாவது ஒத்துக்கணும்.”

ஆலோசகர் அதையும் டேப்லெட்டில் குறித்துக்கொண்டார்.

கடைசியில் பிடித்தவர் மெக்கானிக். நீல உடுப்பில், கையில் துணியோடு வந்தவர், கண்ணாடியின் உச்சியை அண்ணாந்து பார்த்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். “இன்னா சார், கரெக்டா சென்சாரு மேலயே பொட்டு வெச்சிகினு கீறீங்க! அது கண்ண மறைச்சிட்டு மழ தெர்ல மழ தெர்லன்னா எப்டி தெரியும்?” பழைய ஏடிஎம் அட்டை ஒன்றை எடுத்துச் சுரண்டினார். பல வெள்ளிக்கிழமைகள் செதில் செதிலாக உதிர்ந்தன. அப்பாவின் முகம் போன போக்கைப் பார்க்க முடியவில்லை.

ஆலோசகருக்கு முகம் மலர்ந்துவிட்டது. “கஸ்டமர் சைடு ப்ராப்ளம்,” என்று எழுதினார்.

எனக்கு ரத்தம் கொதித்தது. கஸ்டமர் சைடாம்! இந்த ஊரில் பொட்டு வைக்காத வண்டி ஒன்று காட்டுங்கள். புல்டோசருக்குப் பொட்டு உண்டு, தையல் மிஷினுக்கு உண்டு, எங்கள் அலுவலகத்தில் ஆயுத பூஜைக்கு சர்வருக்கே உண்டு. பொட்டை எங்கே வைப்போம்? நெற்றியில். காருக்கு நெற்றி எது என்று எங்கள் தெருவில் எல்.கே.ஜி. படிக்கும் குழந்தையைக் கேட்டாலும் கை காட்டும். அத்தனை பெரிய கண்ணாடியில், தேடிப் பிடித்து, அந்த ஒரே இடத்தில் சென்சாரை வைத்துவிட்டு, தப்பு எங்கள் அப்பாமேலாம். சரி, பொட்டைத்தான் சுரண்டியாயிற்றே. திரும்பும் வழியில் தூறியது. பெரிய சொட்டு விழுந்தபோது வைப்பர் ஓடியது. பொடித் தூறலுக்கு அசையவே இல்லை. அதற்கும் எங்கள் அப்பா என்ன செய்திருக்க முடியும்?

மாலை பஸ்ஸில் வந்து இறங்கிய அம்மாவிடம், எரிச்சலில் எல்லாவற்றையும் கொட்டினேன். பொட்டு, அட்டை, கஸ்டமர் சைடு. அம்மா பையைக்கூட இறக்கவில்லை.

“எங்க வெச்சிருக்கான் சென்சார்? கண்ணாடிக்கு உள்பக்கமா?”

“ஆமா. உள்ளேயிருந்து கண்ணுக்குத் தெரியாத ஒளி ஒண்ணு கண்ணாடிக்குள்ள அனுப்புது. அது திரும்பி வர்றதை அளக்குது. வெளிய தண்ணி ஒட்டினா கம்மியா திரும்பி வரும்.”

அம்மா என்னையே பார்த்தாள். பிறகு சிரித்தாள். அந்த வாரத்தின் முதல் சிரிப்பு. “முழு அக எதிரொளிப்பு! இதை நான் வருஷா வருஷம் பிளஸ் டூவுக்கு நடத்துறேன்டி. இவ்வளவுதானா? அப்ப அது மழையவே பாக்கல. கண்ணாடி மேல ஏதோ ஒட்டியிருக்குன்னு மட்டும்தான் அதுக்குத் தெரியும். சந்தனமும் ஒண்ணுதான், மழையும் ஒண்ணுதான்.”

ஞாயிற்றுக்கிழமை காலை குடியிருப்பின் வாகன நிறுத்துமிடத்தில் விசாரணை நடந்தது. அம்மா ஒரு தட்டில் எல்லாம் எடுத்து வந்தாள். நான் உள்ளே உட்கார்ந்து வண்டியை இயக்க, அம்மா வெளியே நின்று கண்ணாடியில் ஒவ்வொன்றாக வைத்தாள். சந்தனம்: ஓடியது. துடைத்துவிட்டு இட்லி மாவு: ஓடியது, அதுவும் வேகமாக. தேங்காய் எண்ணெய்: ஓடியது. தயிர்: ஓடியது. எதிர்வீட்டு மாமி துணி காயப்போட வந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

“இன்னாம்மா, காருக்கு அபிஷேகமா?”

“இல்ல மாமி, இதுக்கு எவ்ளோ புத்தி இருக்குன்னு பாக்கறோம்,” என்றாள் அம்மா.

கடைசியாக அம்மா, இஸ்திரி போடும்போது துணிக்குத் தண்ணீர் தெளிக்கும் குப்பியை எடுத்தாள். பாலத்தில் பெய்த அதே பொடி மழை. தெளித்தாள். கண்ணாடி மங்கியது. இன்னும் தெளித்தாள். உள்ளே இருந்த எனக்கு அம்மாவின் முகம் மறைந்தது, மாமி மறைந்தார், கொடியில் காய்ந்த புடவை மறைந்தது. வைப்பர் நிம்மதியாகப் படுத்திருந்தது.

அம்மா என் பக்கக் கதவைத் திறந்தாள். குப்பியை என் மடியில் போட்டாள். “மாவுக்கு ஓடுது, மழைக்கு ஓட மாட்டேங்குது. இதுக்கா நான் ஒரு வாரம் பயந்து பஸ்ல போனேன்?” எனக்கு வேறு ஏதோ சொல்ல வேண்டும் போலிருந்தது. மன்னிப்புதான். அது வாயில் வருவதற்குள் அம்மா கேட்டுவிட்டாள்: “அந்த நாலு படம் எங்க இருக்கு? காட்டு. மெதுவா ஓடறது எது?”

காட்டினேன். ஆனால் வண்டியை அணைத்துப் போட்டால் ஒவ்வொரு முறையும் அது பழையபடி தானியங்கிக்கே திரும்பிவிடும் என்பதையும் சொல்ல வேண்டியிருந்தது. அம்மாவுக்கு அது பிரச்சினையாகவே தெரியவில்லை. “அட்டெண்டன்ஸ் எடுக்கற மாதிரி. தினம் எடுத்துக்கறேன்.”

அப்பாவுடன் பேச்சுவார்த்தை தனியாக நடந்தது. பொட்டு நம்பர் பலகைக்கு இறங்கியது. அவருக்கு அதில் இன்னும் முழுத் திருப்தி இல்லை.

திங்கள்கிழமை நானும் கூடப் போனேன். அம்மா கூப்பிடவில்லை, நானாகத்தான் ஏறினேன். குடியிருப்பு வாசலுக்குள்ளேயே வண்டியை நிறுத்தி, நிதானமாகத் திரையைத் திறந்து, படத்தைத் தொட்டு, வைப்பரை மெதுவான வேகத்தில் ஓடவிட்டாள். வானத்தில் ஒரு மேகம் இல்லை. பளீரென்று வெயில்.

“அம்மா, மழையே இல்ல.”

“மாசம் ஐப்பசி. எப்ப வரும்னு அதுக்கும் தெரியாது, உனக்கும் தெரியாது. ஓடட்டும்.”

“ரப்பர் தேய்ஞ்சிடும். கண்ணாடி கீறும்.”

“கீறட்டும். நீ வாயத் தொறக்காம வா.”

வாயைத் திறக்கவில்லை. கிரீச், கிரீச் என்று உலர்ந்த கண்ணாடியில் ரப்பர் அழுதுகொண்டே வந்தது. புதுப்பட்டினத்தில் பஸ்ஸுக்கு நின்றவர்கள் எங்களைப் பார்த்துவிட்டு வானத்தைப் பார்த்தார்கள். திரையில் ஒரு செய்தி வந்தது: மழை எதுவும் கண்டறியப்படவில்லை, தானியங்கிக்கு மாற்றவா? அம்மா சாலையிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை.

பாலாற்றுப் பாலத்தில் ஏறும்போது வேகத்தைக் குறைத்தாள். பாலத்தின் நடுவில், இடது ஓரமாக, அதே மொபெட், அதே ஐஸ் பெட்டி. நல்ல இடம் விட்டு அம்மா அதற்கு இணையாக வந்தாள். மீன்காரர் திரும்பிப் பார்த்தார். காரை அடையாளம் கண்டுகொண்டார். வெயிலில் இங்குமங்கும் ஆடிக்கொண்டிருந்த வைப்பரைப் பார்த்தார்.

“இன்னாக்கா, வெயிலத் தொடச்சிகினு போற?”

அம்மா என் பக்கத்துக் கண்ணாடியை இறக்கினாள். என் காதைத் தாண்டிக் கத்தினாள்:

“தானா போட்டுக்கலப்பா. நான்தான் போட்டேன்!”

அவர் ஹாரனை இரண்டு தடவை அடித்தார். பாலம் இறங்கியதும் அம்மா தொண்டையைச் செருமிக்கொண்டாள். நான் பக்கத்தில் இருப்பதை ஒரு தடவை பார்த்தாள், பரவாயில்லை என்று நினைத்திருக்க வேண்டும். கிரீச் கிரீச்சென்று தாளம் தப்பி ஓடிய அந்த உதவாக்கரை வைப்பருக்கு மேலாகக் குரலை உயர்த்தி, கூவத்தூர் வரை பாடிக்கொண்டு போனாள்.